வெள்ளத்துக்கு அமைச்சரை அனுப்புவது ஏன்? 1927 மிசிசிப்பி பற்றிச் சில குறிப்புகள்

ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். ராத்திரி 2 மணிக்கு ப்ரொடக்‌ஷன் சர்வர் படுத்துவிட்டது. க்ளையண்ட் கொதித்துக்கொண்டிருக்கிறார். நாலு பேர் பிரிட்ஜ் காலில் உட்கார்ந்து லாக் பார்த்துக்கொண்டிருப்போம். திடீரென்று "வி.பி. ஜாயின் பண்றார்" என்று ஒரு மெசேஜ் வரும். அவருக்கு அந்த அப்ளிகேஷன் எந்த மொழியில் எழுதியது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் வருவார், பத்து நிமிஷம் பேசுவார். க்ளையண்ட் கொஞ்சம் அமைதியாவார். பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

முதல் சில வருஷம் எனக்கு இது வெறும் நாடகமாகத்தான் தெரிந்தது. அப்புறம் ஒருமுறை வந்த வி.பி., வேறு டீமிடம் நாங்கள் மூணு மணி நேரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் அனுமதியை ஒரே போனில் வாங்கிக் கொடுத்தார். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. மேலிடத்து ஆள் வருவதில் ரெண்டு வகை இருக்கிறது. கையில் சாவியோடு வருவது ஒன்று. முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வருவது இன்னொன்று. தூரத்திலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பேரிடர் நடந்த இடத்துக்கு அரசியல்வாதிகளை அனுப்புவது பற்றி ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆரம்பம் சுனாமிதான். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் பாதிக்கப்பட்ட ஆசிய நாடுகளுக்கு ஒரு குழுவை அனுப்பினார். தலைமை, வெளியுறவு அமைச்சர் காலின் பவல். அது சரி. கூடப் போனவர் ஜெப் புஷ். அதிபரின் தம்பி, ஃப்ளோரிடா மாநில ஆளுநர். ஒரு மாநில ஆளுநருக்கு பாண்டா ஆச்சேயில் என்ன வேலை? "ஃப்ளோரிடாவில் 2004-ல் மட்டும் நாலு புயல் அடித்தது, நிவாரண வேலையில் அவருக்கு அனுபவம் உண்டு" என்பது சொல்லப்பட்ட காரணம். காரணம் பொய் இல்லை. சார்லி, ஃப்ரான்சிஸ், ஐவன், ஜீன் என்று நாலு புயல் அடித்தது உண்மை. ஆனால் "வருங்கால அதிபர் வேட்பாளருக்கு வெளிநாட்டு அனுபவம் சேர்க்கிறார்கள்" என்றும் அப்போதே பேச்சு எழுந்தது.

ரெண்டு காரணமும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் இல்லையா? அதுதான் இந்த விஷயத்தில் இருக்கிற சிக்கல். ஒரு பயணம் உதவியா, விளம்பரமா என்று கேட்டால் பதில் கிடைக்காது. அனுப்பியவருக்கு என்ன லாபம், போனவருக்கு என்ன லாபம், அங்கே தண்ணீரில் நின்றவருக்கு என்ன லாபம் என்று மூணாகப் பிரித்துக் கேட்டால்தான் கொஞ்சம் தெளிவு வருகிறது. அப்படிப் பிரித்துப் பார்க்க எனக்குக் கிடைத்த நல்ல உதாரணம் 1927 மிசிசிப்பி வெள்ளம். நூறு வருஷம் ஆகப்போகிறது. எல்லாக் கணக்கும் முடிந்து, விளைவும் தெரிந்துவிட்டது.

வெள்ளம்

1926 கோடை கடைசியிலேயே மழை ஆரம்பித்துவிட்டது. விட்டுவிட்டுப் பெய்து, 1927 வசந்தத்தில் மிசிசிப்பி ஆறும் அதன் கிளைகளும் கரை தாங்காத அளவுக்கு நிரம்பின. அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் அதுவரை நம்பியது ஒரே கொள்கையைத்தான். கரையை உயர்த்து, இன்னும் உயர்த்து, ஆறு தன் பாதையைத் தானே ஆழமாக்கிக்கொள்ளும். வடிகாலும் வேண்டாம், மாற்றுப் பாதையும் வேண்டாம்.

ஏப்ரல் 21 அன்று, மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வில் நகருக்கு வடக்கே மவுண்ட்ஸ் லாண்டிங் என்ற இடத்தில் கரை உடைந்தது. காவிரிக் கரை உடைப்பைப் பார்த்தவர்கள் அதைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். மொத்தமாக அந்த வருஷம் ஏழு மாநிலங்களில் சுமார் 70,000 சதுர கிலோமீட்டர் தண்ணீருக்கடியில் போனது. தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல். ஆறு லட்சம் பேருக்கு மேல் வீடு இழந்தார்கள். செஞ்சிலுவைச் சங்கம் 154 முகாம்களை நடத்தியது. அவற்றில் மட்டும் 3,25,000 பேர் இருந்தார்கள்.

அதிபர் கால்வின் கூலிட்ஜ். அதிகம் பேசமாட்டார், அதிகம் செலவழிக்கவும் மாட்டார். பாதிக்கப்பட்ட மாநிலங்களின் ஆளுநர்களும் செனட்டர்களும் "ஒருமுறை வந்து பாருங்கள்" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர் போகவில்லை. கடைசிவரை போகவில்லை. கரை உடைந்த மறுநாள், ஏப்ரல் 22, தன் வர்த்தக அமைச்சரை அனுப்பினார். அவர் பெயர் ஹெர்பர்ட் ஹூவர்.

அனுப்பியவரின் கணக்கு

கூலிட்ஜ் ஏன் தான் போகாமல் ஹூவரை அனுப்பினார்? அவர் மனசுக்குள் புகுந்து பார்க்க முடியாது. ஆனால் சூழ்நிலையை வைத்து மூணு கணக்கைப் போடலாம்.

முதல் கணக்கு, பணம். அந்தக் காலத்தில் மத்திய அரசு தன் கஜானாவிலிருந்து வெள்ள நிவாரணம் கொடுப்பது வழக்கமில்லை. அது செஞ்சிலுவைச் சங்கத்தின் வேலை, தர்மவான்களின் வேலை. அரசிடம் பணம் இல்லாமலில்லை. அந்த வருஷங்களில் அமெரிக்க பட்ஜெட் உபரியில் இருந்தது. ஆனால் ஒருமுறை கொடுத்தால் அடுத்தடுத்து எல்லாரும் கேட்பார்கள் என்பது கூலிட்ஜின் நிலைப்பாடு. அதிபரே நேரில் போய், கூரைமேல் உட்கார்ந்திருக்கிற குடும்பத்தைப் பார்த்துவிட்டு, "பணம் மட்டும் கேட்காதீங்க" என்று சொல்லிவிட்டு வர முடியுமா? முடியாது. போனால் கொடுத்தாக வேண்டும். கொடுக்கக் கூடாது என்றால் போகக் கூடாது. அமைச்சரை அனுப்பினால் ரெண்டுக்கும் நடுவில் ஒரு வழி கிடைக்கிறது. அரசு கவலைப்படுகிறது என்றும் தெரியும், கஜானாவும் திறக்காது.

இரண்டாவது கணக்கு, பழி. வேலை சரியாக நடந்தால் "என் அமைச்சரவை செய்தது". சொதப்பினால் "அவர் பொறுப்பு". எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஓனர்ஷிப்பை டிக்கெட்டோடு சேர்த்து அசைன் பண்ணிவிடுவது.

மூன்றாவது, ஆள் தேர்வு. ஹூவரை கூலிட்ஜுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. "அதிசயப் பையன்" என்று கிண்டலாகக் குறிப்பிடுவாராம். ஆனால் இந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் நாட்டிலேயே இல்லை. சிறுவயதில் பெற்றோரை இழந்தவர், ஸ்டான்ஃபோர்டில் படித்த சுரங்கப் பொறியாளர். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியில் இருந்த பெல்ஜியத்துக்கு உணவு கொண்டுபோய்ச் சேர்த்தவர். 1921-ல் ரஷ்யப் பஞ்சத்துக்கும் உணவு அனுப்பியவர். அரசியல்வாதியை அனுப்பினார்கள் என்று மட்டும் சொன்னால் நியாயமில்லை. நிபுணரையும் அனுப்பினார்கள். ரெண்டும் ஒரே ஆளாக இருந்தது.

போனவர் செய்தது

இங்கே ஹூவருக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடணும். அவர் வெறும் முகத்தோடு போகவில்லை. கூலிட்ஜ் அமைத்த அமைச்சரவைக் குழுவுக்கு அவர் தலைவர். ராணுவம், கடற்படை, கடலோரக் காவல் படை என்று எல்லாரிடமும் படகும் விமானமும் கேட்டு வாங்கும் அதிகாரம் கையில் இருந்தது. மெம்ஃபிஸ் நகரில் தலைமையிடம் வைத்து, செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து, ரயில் கம்பெனிகளையும் மரக் கம்பெனிகளையும் உள்ளூர் வியாபாரிகளையும் இழுத்து வேலை வாங்கினார். எந்த ஊரில் எப்போது தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே கணித்து, தண்ணீர் வருவதற்குள் அங்கே முகாம் போடச் சொன்னார். படிக்கும்போது ஒரு பொறியாளனாக எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நம்ம ஆளு!

கையில் இல்லாத ஒரே சாவி, பணம். அதற்குத்தான் பத்திரிகையும் வானொலியும். ரேடியோ அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த சமயம். ஹூவர் அதில் பேசி நாட்டு மக்களிடம் நன்கொடை கேட்டார். செஞ்சிலுவைச் சங்கத்துக்குச் சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர் சேர்ந்தது. நிதி சேரணும் என்றால் செய்தி ஓடணும். செய்தி ஓடணும் என்றால் ஒரு முகம் வேணும். அந்த முகம் ஹூவருடையது. வாரக்கணக்கில் தினமும் அவர் படம், அவர் பெயர். விளம்பரமும் நிவாரணமும் இங்கே பிரிக்கவே முடியாமல் பின்னிக்கொண்டன. "விளம்பரத்துக்காகப் போனார்" என்று எளிதாகச் சொல்லிவிட முடியாததற்கு இதுதான் காரணம்.

இதற்கு நடுவில், 1927 ஆகஸ்ட் 2 அன்று கூலிட்ஜ் 1928 தேர்தலில் தான் நிற்க விரும்பவில்லை என்று ஒரு வரியில் அறிவித்தார். அன்றைக்கு நாட்டிலேயே அதிகம் பேசப்பட்ட அமைச்சர் யார்? பத்து மாதம் கழித்து, கான்சாஸ் சிட்டியில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் வேட்பாளர் ஆனவர் ஹூவர்.

கிரீன்வில் கரைமேல்

இப்போது மூணாவது கேள்விக்கு வருவோம். தண்ணீரில் நின்றவருக்கு என்ன கிடைத்தது?

மிசிசிப்பி டெல்டா என்பது பருத்திப் பூமி. நிலம் வெள்ளைக்காரப் பண்ணையார்களுடையது. உழைப்பு கறுப்பின மக்களுடையது. பெரும்பாலானவர்கள் வாரத்துக்கு உழுபவர்கள். விளைச்சலில் ஒரு பங்கு, பண்ணைக் கடையில் கடன், வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிச்சம். பழைய தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதைகளைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1910-களிலிருந்தே இந்த மக்கள் சிகாகோ, டெட்ராய்ட் என்று வடக்கே கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஆள் போய்விட்டால் பண்ணை படுத்துவிடும் என்பது பண்ணையார்களின் நிரந்தரப் பயம்.

கிரீன்வில் நகரம் மூழ்கியதும் உயரமாக இருந்த ஒரே இடம் ஆற்றங்கரைதான். சில அடி அகலம், பல மைல் நீளம். அதன்மேல் சுமார் 13,000 கறுப்பின மக்கள் ஏறி உட்கார்ந்தார்கள். உள்ளூர் நிவாரணக் குழுவுக்குத் தலைவர் வில்லியம் அலெக்சாண்டர் பெர்ஸி. எல்லாரையும் கப்பலில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் அவர் முதலில் முடிவு செய்தார். கப்பல்களும் வந்தன. ஆனால் பண்ணையார்கள் தடுத்தார்கள். அவருடைய அப்பா, முன்னாள் செனட்டர் லீராய் பெர்ஸியும் அதில் சேர்ந்துகொண்டார். காரணம் ஒன்றுதான். போனவன் திரும்பி வரமாட்டான். வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளும் கப்பலேறினார்கள். கறுப்பின மக்கள் கரையிலேயே நிறுத்தப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது முகாம் என்ற பெயரில் ஒரு சிறை. துப்பாக்கியோடு நேஷனல் கார்டு படை காவல் நின்றது. வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். யார், எந்தப் பண்ணையைச் சேர்ந்தவர் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவு மூட்டைகளை இறக்குவதும் கரையைப் பலப்படுத்துவதும் இவர்கள் வேலை. வேலை செய்யாதவருக்கு ரேஷன் இல்லை. ஜூலையில், ராத்திரி முழுக்க வேலை செய்துவிட்டு வந்த ஒருவர் மறுபடி வேலைக்கு வர மறுத்ததற்காக, ஒரு போலீஸ்காரர் அவரைச் சுட்டுக் கொன்றார்.

'சிகாகோ டிஃபெண்டர்' போன்ற கறுப்பினப் பத்திரிகைகள் இதையெல்லாம் எழுத ஆரம்பித்தன. ஐடா பி. வெல்ஸ் அதில் கடுமையாக எழுதினார். மிசிசிப்பியில் கறுப்பின மக்களுக்குச் சட்டத்தில் ஓட்டு உண்டு, நடைமுறையில் கிடையாது. ஆனால் சிகாகோவுக்குப் போன அவர்களின் அண்ணன் தம்பிகளுக்கு ஓட்டு உண்டு. லிங்கன் காலத்திலிருந்து அந்த ஓட்டு குடியரசுக் கட்சிக்கே போய்க்கொண்டிருந்தது. செய்தி வடக்கே பரவினால் ஹூவருக்கு ஆபத்து.

அறிக்கை

மே மாதம் ஹூவர் ஒரு கமிஷன் போட்டார். டஸ்கிகி நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் ரூசா மோட்டன் தலைமையில், கறுப்பினப் பிரமுகர்கள் கொண்ட ஆலோசனைக் குழு. அவர்கள் முகாம்களைச் சுற்றிப் பார்த்தார்கள். துப்பாக்கிக் காவல், கட்டாய வேலை, பாகுபாடு எல்லாவற்றையும் எழுதி ஜூனில் ஹூவரிடம் கொடுத்தார்கள். சில முகாம்களில் சில விஷயங்கள் சரிசெய்யப்பட்டன. ஆனால் கடுமையான பகுதிகள் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளப்பட்டது.

மோட்டன் ஏன் ஒப்புக்கொண்டார்? ஹூவர் அவரிடம் ஒரு பெரிய ஆசையைக் காட்டியிருந்தார். கடனில் மூழ்கிய பண்ணைகளை வாங்கி, சிறு பண்ணைகளாகப் பிரித்து, உழுபவர்களுக்கே தவணையில் விற்கும் திட்டம். நிவாரண நிதியில் மிஞ்சுகிற பணம் அதற்கு விதைப் பணம். உழுதவனுக்கு நிலம்! ஒரு ஊழல் கதையை வெளியே சொல்வதா, இல்லை பல்லாயிரம் குடும்பத்துக்கு நிலம் கிடைக்கும் வாய்ப்பைக் காப்பாற்றுவதா? மோட்டன் ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். 1928-ல் ஹூவருக்கு ஆதரவாகவும் நின்றார். ஹூவர் ஜெயித்தார். நிலத் திட்டம் நடக்கவே இல்லை.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சொந்தக் கதை ஒன்று ஞாபகம் வந்தது. பல வருஷத்துக்கு முன் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் பெரிய அவுட்டேஜ் ஒன்று நடந்தது. ஆர்.சி.ஏ. எழுதும் பொறுப்பு எனக்கு. பேக்கப் ஆறு மாசமாக ஓடவே இல்லை என்று கண்டுபிடித்து எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கே. அந்த பேக்கப் பாராவை மட்டும் எடுத்துடு. அடுத்த குவார்ட்டர் நாமளே உட்கார்ந்து சரி பண்ணிடலாம்" என்றார். எடுத்துவிட்டேன். அடுத்த குவார்ட்டர் யாரும் உட்காரவில்லை. சர்வருக்கும் மனிதர்களுக்கும் ஒப்பீடு இல்லை, தெரியும். ஆனால் "அடுத்த குவார்ட்டர்" என்ற சொல்லுக்கு இருக்கிற மயக்கும் சக்தி எனக்கு அனுபவத்தில் தெரியும். அதனால் மோட்டனை என்னால் சுலபமாகத் திட்ட முடியவில்லை.

ஓட்டுக் கணக்கு

இப்போது ஒரு சின்னப் பரிசோதனை. 1928 தேர்தல் முடிவை எடுத்து வைத்துக்கொண்டேன். ஹூவர் 48 மாநிலங்களில் 40-ஐப் பிடித்தார். எலக்டோரல் ஓட்டு 444. எதிர்த்து நின்ற அல் ஸ்மித்துக்கு 87 மட்டும். ஸ்மித் ஜெயித்த எட்டு மாநிலங்கள் எவை? மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், அலபாமா, ஜார்ஜியா, தென் கரோலினா, அப்புறம் ஆர்கன்சாஸ், மிசிசிப்பி, லூசியானா.

கடைசி மூணையும் பாருங்கள். வெள்ளத்தில் அதிகம் பாதிக்கப்பட்ட மூணு மாநிலங்கள் அவைதான்! ஹூவர் காப்பாற்றிய ஊர்கள் ஹூவருக்கு ஓட்டுப் போடவில்லை.

உடனே "நன்றி கெட்டவர்கள்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த மாநிலங்கள் நீண்ட காலமாகவே ஜனநாயகக் கட்சிக் கோட்டைகள். ஆர்கன்சாஸ் செனட்டர் ஜோசப் ராபின்சன்தான் ஸ்மித்துக்குத் துணை அதிபர் வேட்பாளர். கரைமேல் நின்றவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஓட்டே கிடையாது. அதனால் இதை வைத்து மக்கள் மனசைக் கணிக்க முடியாது. ஆனால் இன்னொன்றைக் கணிக்கலாம். மிசிசிப்பியில் ஹூவர் எவ்வளவு நன்றாக உழைத்தாலும் அங்கே கிடைக்கும் ஓட்டு சொற்பம் என்பது 1927-லேயே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அப்படியென்றால் அந்த நிவாரணக் காட்சியின் பார்வையாளர்கள் யார்? ஓஹையோவில், அயோவாவில், கலிஃபோர்னியாவில் காலை காபியோடு பேப்பர் படித்தவர்கள். வெள்ளம் வந்தது தெற்கில், அறுவடை நடந்தது வடக்கிலும் மேற்கிலும்.

2005-க்கும் இதையே பொருத்திப் பாருங்கள். ஆச்சேயில் நின்ற ஜெப் புஷ்ஷைப் பார்க்க வேண்டியவர் ஆச்சே மீனவர் இல்லை. அமெரிக்கா தாமதமாக, கஞ்சத்தனமாக நடந்துகொள்கிறது என்ற விமர்சனம் எழுந்த வாரம் அது. முதலில் 1.5 கோடி டாலர் என்று அறிவித்து, பிறகு 3.5 கோடியாக்கி, டிசம்பர் 31-ல் 35 கோடியாக உயர்த்தினார்கள். கூடவே அதிபரின் சொந்தத் தம்பியையும் அனுப்பினால் "இது எங்கள் குடும்ப விஷயம் மாதிரி" என்று உலகத்துக்குச் சொன்னதாகும். முஸ்லிம் நாடுகள் அமெரிக்காவின் பெருந்தன்மையைப் பார்க்க இது ஒரு வாய்ப்பு என்று பவல் வெளிப்படையாகவே பேசினார். அதற்குப் பலனும் இருந்தது. பியூ ஆய்வுகளின்படி அமெரிக்கா மீது நல்ல அபிப்பிராயம் வைத்திருந்த இந்தோனேசியர்கள் 2003-ல் 15 சதவீதம், 2005-ல் 38 சதவீதம். ஆனால் இதைப் பவலும் ஜெப்பும் சம்பாதித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆப்ரகாம் லிங்கன் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து தினமும் ஹெலிகாப்டரில் அரிசியும் தண்ணீரும் போனதே, அதற்குத்தான் பெரிய பங்கு இருந்திருக்கும்.

எங்கே போகவில்லை என்பதையும் பார்க்கணும். அதே 2005 ஜனவரியில் ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் இலங்கைக்கு வந்தார். அம்பாந்தோட்டை, திருகோணமலை எல்லாம் பார்த்தார். புலிகள் கட்டுப்பாட்டில் இருந்த முல்லைத்தீவுப் பக்கம் போக இலங்கை அரசு இணங்கவில்லை, அதனால் போகவில்லை. முல்லைத்தீவு சுனாமியில் மோசமாக அடிபட்ட ஊர்களில் ஒன்று. தலைவர்கள் வருகிற பாதையை அலை தீர்மானிப்பதில்லை.

எதிர் உதாரணம்

"அப்படியானா பாதிக்கப்பட்டவங்க ஓட்டே போட மாட்டாங்களா?" என்றால், போடுவார்கள். 2002 ஆகஸ்டில் ஜெர்மனியில் எல்பே ஆறு பெருகியது. அடுத்த மாதம் தேர்தல். அதிபர் ஷ்ரோடர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கிரிம்மா என்ற ஊரில் சேற்றில் நடந்தார். அந்தப் படம் ரொம்பப் பிரபலம். ஆனால் பூட்ஸோடு நிற்கவில்லை. வரிக் குறைப்பைத் தள்ளிவைத்து 710 கோடி யூரோ நிவாரண நிதி ஒதுக்கினார். தேர்தலில் ரெண்டு பெரிய கட்சிகளும் 38.5 சதவீதம். ஷ்ரோடரின் கட்சிக்கு நாடு முழுக்கக் கிடைத்த அதிகப்படி ஓட்டு சுமார் 6,000தான். பெக்டெல், ஹைன்முல்லர் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட கணக்கின்படி, வெள்ளம் பாதித்த பகுதிகளில் அவர் கட்சிக்கு இந்த நிவாரணத்தால் கூடிய ஓட்டு சுமார் 7 சதவீதப் புள்ளி. அதில் கால் பங்கு 2005 தேர்தல் வரைக்கும்கூட நீடித்தது.

வித்தியாசம் புரிகிறதா? ஷ்ரோடர் தானே போனார், கஜானாச் சாவியோடு போனார், ஓட்டு இருக்கிற மக்களிடம் போனார். பாதிக்கப்பட்டவர்களே நடுவராக இருக்கும்போது உதவி கைக்கு வந்து சேருகிறது. நடுவர் தூரத்தில் பேப்பர் படிக்கிறவராக இருந்தால் படம் வந்து சேர்ந்தாலே போதும்.

இதற்கும் ஒரு இருட்டுப் பக்கம் உண்டு. ஹீலி, மல்ஹோத்ரா இருவரும் 2009-ல் அமெரிக்கத் தேர்தல்களை வைத்து எழுதிய கட்டுரையில், நிவாரணத்துக்குச் செலவழித்தால் வாக்காளர் பரிசளிக்கிறார், முன்னேற்பாட்டுக்குச் செலவழித்தால் கண்டுகொள்வதில்லை என்று காட்டினார்கள். முன்னேற்பாட்டில் போடுகிற ஒரு டாலர் பின்னால் சுமார் 15 டாலர் சேதத்தைத் தவிர்க்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. பேக்கப் ஒழுங்காக ஓடுகிற சர்வருக்கு யாரும் அவார்டு கொடுப்பதில்லை. ராத்திரி முழுக்க முழித்து மீட்டவனுக்குத்தான் கைதட்டல்.

பிறகு

1928 மே மாதம் கூலிட்ஜ் வெள்ளத் தடுப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 32.5 கோடி டாலர். கரையை மட்டும் நம்பாமல் வடிகால் பாதைகளும் அமைக்கப்பட்டன. மிசிசிப்பியைக் கட்டிக் காப்பது மத்திய அரசின் பொறுப்பு என்று ஆனது. நிவாரணத்துக்குத் திறக்காத கஜானா, ஆற்றைக் கட்டுவதற்குத் திறந்தது. வெள்ளத்தால் கிடைத்த உருப்படியான நிரந்தரப் பலன் இதுதான் என்பது என் கருத்து.

ஹூவருக்கு நடந்தது வேறு. 1927-ல் அவர் நாட்டுக்குச் சொன்ன கதை: அரசுப் பணம் இல்லாமலே, தொண்டும் நன்கொடையும் நல்ல நிர்வாகமும் இருந்தால் எந்தப் பேரழிவையும் சமாளிக்கலாம். கிரீன்வில் மாதிரி இடங்களில் அந்தக் கதை பொய் என்று சொன்ன அறிக்கை அவர் மேஜையிலேயே இருந்தது. வெளியே விடவில்லை. ஆனால் அடுத்தவரை நம்ப வைக்கச் சொன்ன கதையை அவரே நம்பிவிட்டார் என்று தோன்றுகிறது. 1930-ல் பெரிய வறட்சி. அதிபர் ஹூவர் மறுபடியும் அதே செஞ்சிலுவைச் சங்கத்தைக் கை காட்டினார், மத்திய அரசு நேரடியாக உணவு கொடுப்பதை எதிர்த்தார். 1931 ஜனவரியில் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் இங்கிலண்ட் என்ற சின்ன ஊரில் நூற்றுக்கணக்கான விவசாயிகள் கடைத்தெருவுக்கு வந்து உணவு கேட்டு நின்றார்கள். நாலு வருஷத்துக்கு முன் அவர் "காப்பாற்றிய" அதே மாநிலம். 1932 தேர்தலில் அவருக்குக் கிடைத்த எலக்டோரல் ஓட்டு 59. கறுப்பின வாக்காளர்கள் 1936-க்குள் லிங்கனின் கட்சியை விட்டுப் பெருமளவில் வெளியேறினார்கள். அதற்குப் பொருளாதார மந்தம் உட்படப் பல காரணங்கள் உண்டு. நிறைவேறாத வாக்குறுதிகளும் அதில் ஒன்று.

இதையெல்லாம் படித்த பிறகு, வெள்ளப் பகுதியில் ஒரு தலைவர் நிற்கிற படத்தைப் பார்த்தால் நான் நாலு விஷயம் தேடுகிறேன். அவர் கையில் எந்தச் சாவி இருக்கிறது, பணமா, படகா, வெறும் முகமா? அனுப்பியவர் ஏன் வரவில்லை? பாதை எந்த ஊரைத் தவிர்த்துப் போகிறது? மூணு மாசம் கழித்து ஓர் அறிக்கை வருமே, அதில் எந்தப் பாரா இல்லை? முதல் மூணுக்கும் பேப்பரிலேயே பதில் கிடைத்துவிடும். நாலாவதுக்கு, அந்தப் பாராவை எழுதியவர் யாராவது வாயைத் திறந்தால்தான் உண்டு.

அந்த ஆர்.சி.ஏ.வின் பழைய டிராஃப்ட் என்னிடம் இப்போது இல்லை. கம்பெனி லேப்டாப்போடு போய்விட்டது. ஆனால் அந்தப் பாரா எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.